இரைச்சலை விழுங்கும் கறுப்பு வளையம்



'சோக்' என்னும் சொல் உங்களுக்குப் புதியதன்று. கூடத்துக் குழல்விளக்கு எரிய மறுத்தால், "சோக் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று எலக்ட்ரீஷியன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இரும்புத் தகடுகளின்மேல் செப்புக் கம்பியைச் சுற்றிச் செய்த அந்தக் கனத்த பெட்டி, விளக்கினுள் பாயும் மின்னோட்டம் அளவு மீறாதபடி பிடித்து நிறுத்தும். நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டதும் ஒரு சோக்தான். குழல்விளக்குச் சோக்கின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுந்து வடையின் வடிவம், நடுவில் துளை, கருஞ்சாம்பல் நிறம், கையில் எடுத்தால் பீங்கானின் குளிர்ச்சி. டொராய்டு என்று பெயர். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வயர் ஒன்றில், முனைக்குச் சற்று முன்னால், விழுங்கிய இரையோடு படுத்திருக்கும் பாம்பைப் போல ஓர் உருண்டை புடைத்திருக்கக் கண்டிருப்பீர்கள். அதற்குள் இருப்பதும் இதே இனத்துப் பொருள்தான்.

மதரஸாவில் பாடம் சொல்கிறவன், கல்லூரியில் வரலாறு படித்தவன். அவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயம். 2004 டிசம்பரில், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்தது. உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலியாளர்களோடு தீவிலிருந்து பேசுவதே அவர்கள் போன நோக்கம். டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியது. தொலைபேசிகள் செயலிழந்த நேரத்தில், அந்த அம்மையாரும் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அதே ஊரிலிருந்து, உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. எங்கள் ஊர் நாகை மாவட்டக் கடற்கரையில் உள்ளது. அந்த நாளை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அம்மையாரைப் பற்றிய செய்தியை நாளிதழில் படித்த பிறகுதான், அரசு நடத்தும் தேர்வை எழுதி உரிமம் பெறும் எண்ணம் எனக்கு வந்தது.

இடையில் ஒரு சொல். இத்துறையில் உள்ளவர்களை ஆங்கிலத்தில் 'ஹாம்' என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு உம்மா முகம் சுளித்தார்கள். பன்றி இறைச்சிக்கும் இதற்கும் உறவில்லை. கைத்திறம் குறைந்த தந்திக்காரர்களை மற்றத் தந்திக்காரர்கள் கேலியாக அழைத்த பெயர் அது. கேலியையே பட்டமாகச் சூடிக்கொண்டார்கள் இவர்கள். நான் அமெச்சூர் என்றே எழுதுகிறேன்.

இனி, இரைச்சலுக்கு வருவோம். திருநெல்வேலிப் பக்கத்தில் எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தந்தித் துறை ஊழியர். காது பெரும்பாலும் போய்விட்டது. பேசினால் சொற்கள் அவருக்குப் பிரிந்து விழுவதில்லை. ஆதலால் கைப்பேசியால் அவருக்குப் பயனில்லை. ஆனால் ஹெட்ஃபோனில் ஒற்றைச் சுரமாக வரும் மோர்ஸ் ஒலி மட்டும் அவருக்கு இன்னும் கேட்கிறது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 5 வாட் திறனுடைய சிறு கருவியால் அவர் என்னை அழைப்பார். 5 வாட் என்பது உங்கள் கழிப்பறை பல்பு ஒன்றின் திறன். மகன்கள் வெளிநாட்டில் இருக்க, நாள் முழுதும் எவரோடும் உரையாட இயலாத அவருக்கு அந்தக் கால்மணி நேரமே பேச்சு. சுகம் விசாரிப்பார், மழை கேட்பார், என் மாணவர்களின் தேர்வைப் பற்றியும் கேட்பார். பதினோர் ஆண்டுகளாக இது நடக்கிறது.

பிறகு எங்கள் தெருவில் எல்.இ.டி. பல்புகள் நிறைந்தன. மின்கட்டணம் குறைந்தது, அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் என் ஒலிவாங்கியில், எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதைப் போன்ற ஓர் ஓசை எழத் தொடங்கியது. கருவியில் 'எஸ் மீட்டர்' என்ற முள் ஒன்று உண்டு. வரும் அலையின் வலிமையைக் காட்டுவது. அதில் ஒரு படி ஏறினால் மின்னழுத்தம் இரு மடங்கு என்று கணக்கு. யாரும் பேசாத வேளையிலும் அந்த முள் எட்டில் நின்றது. பெரியவரின் ஒலியோ ஐந்தைத் தாண்டுவதில்லை. அவர் அழைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவருடைய வேலையாள் பக்கத்து வீட்டுக் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்து, "ஐயா கேக்கச் சொன்னாங்க, உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார்.

இந்த இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. ஊரெங்கும் மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லை. கார் பேட்டரியில் கருவியை இணைத்து அமர்ந்த அந்த இரவுகளில் வானம் அத்தனை அமைதியாய் இருந்தது. தொலைவில் எங்கோ இடி மின்னலின் சலசலப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மின்சாரம் வந்த மாலையே இரைச்சலும் வந்தது. ஆகவே அது வானத்தின் இரைச்சல் அன்று. நம் வீடுகளின் இரைச்சல்.

காரணம் எளியது. எல்.இ.டி. பல்பு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், மாடியில் உள்ள சூரியத் தகட்டின் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாமே மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சேர்க்கும் முறையில் இயங்குபவை. வெட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு அதிர்வு. அவ்வதிர்வின் மடங்குகள் பல மெகாஹெர்ட்ஸ் வரை நீளும். நல்ல தயாரிப்பாளர் உள்ளேயே வடிகட்டி வைத்துவிடுவார். மலிவான பொருளில் முதலில் காணாமற்போவது அந்த வடிகட்டிதான். கையகலச் சார்ஜர் தன்னால் அதிக தூரம் இரைச்சலைப் பரப்ப இயலாது. அதனோடு இணைந்த வயர் மீட்டர் கணக்கில் நீள்கிறதல்லவா? அந்த வயர்தான் ஏரியலாக நின்று ஒலிபரப்புகிறது. நம் சோக் தடுக்க வேண்டியது இந்த வயர் வழியை.

சோக்கை வாங்குமுன் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். கருவியைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். முள் எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியது. அப்படியானால் ஒரு பகுதி என் வீடு, மறுபகுதி வெளியே. பின்னர் ஒவ்வொரு விளக்காக ஏற்றிப் பார்த்தேன். அடுப்படிப் பல்பும், கூடத்தில் எப்போதும் செருகிக் கிடக்கும் அடாப்டர் ஒன்றும் பிடிபட்டன. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம்: மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, பல்பின் அருகே கொண்டு போங்கள். உறுமினால் அதுதான்.

இப்போது வளையம். எந்த வளையத்தைத் தேர்வது என்பதில்தான் இந்த வித்தையின் சாரம் முழுவதும் உள்ளது. ஏனெனில் எல்லா வளையங்களும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும்.

என் ஆர்வத்தைக் கண்ட மாணவர் ஒருவர், பழைய இரும்புக் கடையில் உடைத்துப் போட்ட கம்ப்யூட்டர் பெட்டிகளிலிருந்து மஞ்சள் நிற வளையங்களை ஒரு பை நிறையக் கொண்டு வந்தார். ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பூசியவை. "உஸ்தாத், இதுவும் வளையம்தானே?" என்றார். வளையம்தான், ஆனால் அது இரும்புத் தூளை அழுத்திச் செய்தது. 26 என்ற எண்ணுடைய கலவை. அதன் காந்த உட்புகுதிறன் 75. எனக்கு வேண்டிய 31ஆம் எண் ஃபெரைட்டின் உட்புகுதிறன் 1500. ஒரே அளவான வளையத்தில் ஒரே எண்ணிக்கையில் கம்பியைச் சுற்றினால், மஞ்சள் வளையம் இருபதில் ஒரு பங்கே தரும். சிவப்பு பூசிய 2ஆம் எண் தூள் வளையம் இன்னும் குறைவு: அதன் உட்புகுதிறன் 10. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சிவப்பு வளையத்தில் 10 சுற்றுச் சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 ஓம் தடைதான் கிட்டும். இரைச்சலுக்கு அது தடையே அன்று, வாசற்படி.

அதற்காகச் சிவப்பு வளையத்தைத் தாழ்வாக எண்ண வேண்டாம். என் கையால் செய்த ஒலிபரப்பியின் உள்ளே, அலையைத் துல்லியமாகப் பிரித்தெடுக்கும் சுருள்கள் எல்லாம் சிவப்பு வளையத்தில் சுற்றியவையே. அங்கே வேண்டுவது ஆற்றலைச் சிறிதும் வீணாக்காத பொருள். இங்கே வேண்டுவதோ ஆற்றலை விழுங்கி வெப்பமாக்கி அழிக்கும் பொருள். ஓரிடத்தில் குறையாக இருப்பதே மற்றோரிடத்தில் குணமாகிறது. கடையில் போய் "நல்ல டொராய்டு கொடுங்கள்" என்று கேட்பது, "நல்ல மருந்து கொடுங்கள்" என்று கேட்பதைப் போன்றது.

ஏன் விழுங்க வேண்டும், தடுத்தால் போதாதா? பந்தைச் சுவரில் எறிந்தால் திரும்பி வரும். மணல் மூட்டையில் எறிந்தால் அங்கேயே அடங்கும். இழப்பில்லாத சுருள் சுவரைப் போன்றது. அது தருவது மின்மறுப்பு மட்டுமே. வயரின் நீளத்துக்கும் ஒரு மின்மறுப்பு உண்டு. அது எதிர்க்குறியுடையதாக அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, சோக் வைத்த பின் இரைச்சல் முன்னைவிடக் கூடுவதும் உண்டு. விழுங்கும் பொருள் தருவது மெய்யான மின்தடை. அதைக் கழிக்க எந்த வயராலும் இயலாது.

ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சூளையில் சுட்ட பீங்கான். 1930இல் டோக்கியோவில் கட்டோ, டக்கெயி என்ற இரு அறிஞர்கள் கண்டது. அதைத் தயாரிக்கவே 1935இல் டி.டி.கே. நிறுவனம் தோன்றியது. நாம் பாடல் பதிந்து கேட்ட ஒலிநாடாவின் அதே டி.டி.கே.தான்! மாங்கனீசும் துத்தநாகமும் சேர்ந்தால் ஓர் இனம். நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தால் மற்றோர் இனம். அமெரிக்காவின் ஃபேர் ரைட் நிறுவனம் தன் கலவைகளுக்கு இட்ட எண்களையே அமெச்சூர்கள் வழக்கமாகச் சொல்கிறோம். 31 முதலாம் இனம். 3.5 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சலுக்கு என் முதல் தேர்வு அதுவே. 43 இரண்டாம் இனம், உட்புகுதிறன் 800. 14 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அதுவும் நன்றாக உழைக்கும். 61ஆம் எண்ணின் உட்புகுதிறன் 125. சிற்றலையில் அது விழுங்குவது மிகக் குறைவு. பல நூறு மெகாஹெர்ட்ஸ் உயரத்தில்தான் அதற்குப் பசி எடுக்கும். 75ஆம் எண்ணின் உட்புகுதிறன் 5000. மத்திய அலை கேட்பவர்களுக்கு உதவும்.

எண் அச்சிடாத வளையம் கிடைத்தால்? கறுப்பு வளையத்தின் மேற்பரப்பில், பூச்சு இல்லாத இடத்தில், மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் அழுத்திப் பாருங்கள். மாங்கனீசு இனம் சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும், மீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். நிக்கல் இனம் அசையாது. இனத்தை இப்படி அறியலாம். கலவையை அறிய, 10 சுற்றுச் சுற்றி மின்தூண்டலை அளக்க வேண்டும். 61 மில்லிமீட்டர் விட்டமுள்ள 43ஆம் எண் வளையமென்றால் ஏறத்தாழ 107 மைக்ரோஹென்றி காட்டும்.

சுற்றுவதிலும் ஒரு கணக்கு உண்டு. துளையின் வழியே வயர் ஒரு முறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. ஐந்து முறை நுழைந்தால் பயன் ஐந்து மடங்கன்று, இருபத்தைந்து மடங்கு. அதனால்தான் வயரில் வெறுமனே மாட்டிவிடும் கிளிப் உருளை ஒன்று 7 மெகாஹெர்ட்ஸில் பெயரளவுக்கே வேலை செய்கிறது. பெரிய வளையத்தில் 10 அல்லது 12 சுற்று வந்தால் சில ஆயிரம் ஓம் கிட்டும். அப்படியானால் நாற்பது சுற்று? கூடாது. நெருங்கிக் கிடக்கும் சுற்றுகளுக்கிடையே ஒரு கள்ளவழி உண்டாகி, உயர் அதிர்வெண்கள் வளையத்தைத் தாண்டிக் குதித்துவிடும். 21, 28 மெகாஹெர்ட்ஸுக்கு நான் 7 சுற்றோடு நிறுத்துகிறேன். உள்ளே வரும் முனையும் வெளியே போகும் முனையும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கட்டும்.

மறக்கக் கூடாத ஒன்று: போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்தே வளையத்துள் நுழைய வேண்டும். விளக்கை எரிக்கும் மின்னோட்டம் ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்புவதால், வளையத்துள் அவற்றின் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; விளக்குக்குக் குறைவில்லை. இரைச்சலோ இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடுவது. அது மட்டும் மாட்டிக்கொள்ளும். ஒரு கம்பியை மட்டும் சுற்றினால் விளக்கின் மின்னோட்டமே வளையத்தை நிரப்பிச் செயலற்றதாக்கிவிடக்கூடும். எர்த் கம்பி இருந்தால் அதுவும் கூடவே போக வேண்டும். அதை வெட்டுவது உயிரோடு விளையாடுவது. மூன்று முள் பிளக் வளையத்தின் துளையில் நுழையாது. பிளக்கைக் கழற்றி மீண்டும் பொருத்தும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அடாப்டர் என்றால் அதன் மெல்லிய வயரையே சுற்றிவிடலாம்.

அடுப்படிப் பல்புக்கு, ஹோல்டருக்குச் சற்று மேலே இரு கம்பிகளையும் சேர்த்து 12 சுற்று. கூடத்து அடாப்டருக்கு ஒரு வளையம். மூன்றாவது வளையத்தை மாடியில் ஏரியலின் நடுவே, கேபிள் இணையும் இடத்தில் வைத்தேன். ஏரியல் கேபிளின் வெளியுறையும் ஒரு வயர்தானே. வீட்டு இரைச்சலை மேலே சுமந்து சென்று ஏரியலிடம் ஒப்படைக்கும் கூலியாள் அது. மெல்லிய கேபிளில் 12 சுற்று அவனை நிறுத்தியது. முள் ஐந்துக்கு வந்தது. பெரியவரின் ஒலி இரைச்சலோடு சமமாக நின்றது. மூன்றில் ஓர் எழுத்து பிடிபட்டது.

மிச்சம் இருந்தது பக்கத்து வீடு. லாத்தாவின் திண்ணையில் நான்கு பல்புகள் வரிசையாய் எரியும். அண்டை வீட்டு வாசலில் போய், "உங்கள் விளக்கு என் ரேடியோவைக் கெடுக்கிறது" என்று சொல்வது எளிதன்று. டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். லாத்தாவே சுவிட்சை அணைத்தும் போட்டும் கேட்டார்கள். "அடப் பாவமே, இது இவ்வளவு சத்தம் போடுதா தம்பி?" என்றவர்கள், "அந்தப் பெரிய மனுசருக்குக் காது கேக்காதுன்னா, என் பல்பு ஒரு தடையா இருக்கணுமா? மாட்டுங்க" என்றார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, திண்ணைக்குப் போகும் கம்பிகளில் இரண்டு வளையங்கள் மாட்டச் செய்தேன். ஒரு பல்பு எதற்கும் அடங்கவில்லை. அதை மாற்றிக் கொடுத்துவிட்டேன். சில நேரங்களில் வளையத்தைவிட நல்ல பல்பு மலிவு.

முள் இப்போது நான்கில் நிற்கிறது. எட்டிலிருந்து நான்கு என்றால் இரைச்சலின் மின்னழுத்தம் பதினாறில் ஒரு பங்கு. அன்று மாலை பெரியவர் அழைத்தபோது ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே விழுந்தது. காரணத்தை விளக்கினேன். அவர் தம் காலத்துத் தந்திக் கம்பியில் பனி பெய்தால் எழும் ஓசையைப் பற்றி அரைமணி நேரம் அடித்துத் தள்ளினார்.

பகலில் மட்டும், பத்து மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு ஓயும் ஓர் ஓசை புதிதாய் வந்திருக்கிறது. வெயில் மங்கினால் அதுவும் மங்குகிறது. தெருக்கோடியில் ஒரு வீட்டு மாடியில் சூரியத் தகடுகள் ஏறியிருக்கின்றன. அந்த நானா அடுத்த வாரம் பயணத்திலிருந்து திரும்புகிறாராம். இரண்டு வளையங்கள் எடுத்து வைத்திருக்கிறேன்.